‘மருது’ என்னும் சொல்: மரப்பெயர், திணைப்பெயர், ஊர்ப்பெயர் – ஒரு திறனாய்வு நோக்கு

1

கல்முனைக் கரையோரத்தில் ஒன்றுக்கொன்று அண்மையில் உள்ள இரண்டு ஊர்கள் ஒரே மரத்தின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. கல்முனைக்கு வடக்கே மருதமுனை, தெற்கே சாய்ந்தமருது. இரண்டும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம் மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர்கள். இரண்டுக்கும் கிழக்கே கடல், மேற்கே நெல்வயல். தமிழிலக்கியம் பயின்ற எவரும் இப்பெயர்களைக் கேட்டவுடன் மருதத்திணையை நினைவுகூர்வது இயல்பு. வயல் இருக்கிறது, மருது என்ற பெயரும் இருக்கிறது. எனவே இது மருதநிலம், இங்கு வாழ்வது மருதநில வாழ்க்கை, இங்கு எழுதப்படுவது மருதத்தின் இலக்கியம் என்ற முடிவுக்கு வந்துவிடலாம். பிரதேச இலக்கியம் பற்றிய நமது கட்டுரைகளும் முன்னுரைகளும் விழா மலர்களும் இம்முடிவைப் பலமுறை எடுத்தாண்டுள்ளன.

இம்முடிவு எத்துணை உறுதியானது என்பதைப் பரிசீலிப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஒரு சொல் மரத்தையும் நிலத்தையும் பண்ணையும் ஊரையும் குறிக்கின்றபோது அப்பொருள்களிடையே உள்ள தொடர்பு எத்தகையது? அத்தொடர்பு ஒலியால் வந்ததா, பொருளால் வந்ததா, அன்றிச் சமூக உறவுகளால் வந்ததா? இவ்வினாவைச் சொல்லாராய்ச்சியாளருக்கு மட்டும் உரியதென ஒதுக்கிவிட முடியாது. கிழக்கிலங்கையில் ஊர்ப்பெயர் ஆய்வு நெடுங்காலமாகவே நிலத்துக்கு உரிமை கோரும் உறுதிப்பத்திரமாகப் பயன்படுத்தப்பட்டு வந்திருக்கிறது. ‘பெயர் எங்களுடையது, ஆகவே நிலமும் எங்களுடையது’ என்னும் வாதத்தைத் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகிய மூவகை மக்களிடையேயும் உள்ள இனவாதிகள் தத்தமக்கேற்பக் கையாண்டுள்ளனர். எனவே சொற்பொருள் பற்றிய பிழையான ஆய்வுமுறை இங்கு வெறும் புலமைப் பிழையாக நின்றுவிடுவதில்லை.

2

ஆய்வுமுறை பற்றி முதலில் தெளிவுபெறுவதற்கு நமது பிரதேசத்துக்கு வெளியேயுள்ள ஓர் உதாரணத்தை நோக்குவோம். நேபாளி மொழியில் ‘சால்’ என்றொரு சொல் உண்டு. அது ஒரு மரத்தின் பெயர். தாவரவியலாளர் ஷோரியா ரொபஸ்டா எனக் குறிக்கும் இம்மரம் நேபாளத்தின் தெற்கே தராய்ச் சமவெளிக் காடுகளில் மிகுதியாக வளர்வது. அதன் இலைகளைத் தைத்து உண்கலம் செய்வர். அதே மொழியில் ‘சால்’ என்பதற்கு ஆண்டு என்ற பொருளும் உண்டு. நேபாளியர் தமது விக்கிரம ஆண்டை இச்சொல்லாலேயே குறிப்பர். ராணாக்களின் ஆட்சிக்கு முடிவுகட்டிய 1950-51ஆம் ஆண்டுக் கிளர்ச்சி அவர்களுக்கு ‘ஏழாம் சாலின்’ புரட்சி. பல கட்சி ஆட்சிமுறையை மீட்ட 1990ஆம் ஆண்டு மக்கள் இயக்கம் ‘நாற்பத்தாறாம் சாலின்’ இயக்கம். காட்டு மரத்தின் பெயரும் அரசியல் நினைவின் சொல்லும் அங்கு ஒரே ஒலியில் வழங்குகின்றன.

தமிழிலும் ‘சால்’ உண்டு. ஏர் உழுது செல்லும் தடம் உழவுச்சால். நீர் நிரப்பும் பெரிய கலமும் சால். மிகுதியை உணர்த்தும் ‘சால’ என்னும் உரிச்சொல்லும், நிறைவைக் குறிக்கும் சால்பு, சான்றோர் என்னும் சொற்களும் நாம் அறிந்தவை. இனி ஒருவர் இவை அனைத்தையும் ஒரே வேரிலிருந்து பிறந்தனவாகக் காட்ட விரும்பினால் அது கடினமான காரியமன்று. சால் என்றால் நிறைவு. நிறைய வளர்ந்தது சாலமரம். பருவங்கள் நிறைந்தது சால் என்னும் ஆண்டு. ஆகவே நேபாளியின் இரு சொற்களும் தமிழிலிருந்து சென்றவை. கேட்பதற்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் உண்மை வேறு. நேபாளியில் மரத்தின் பெயர் வடமொழியின் ‘சால’ என்பதிலிருந்து வந்தது. ஆண்டைக் குறிக்கும் சொல் பாரசீக மொழியிலிருந்து வட இந்திய ஆட்சிமொழி வழக்கின் ஊடாக வந்தது. உழவுச்சால் தமிழின் சொல். மூன்றுக்கும் ஒலி ஒன்று, வரலாறு மூன்று.

இலங்கையில் இவ்வுதாரணம் மேலும் சுவையான திருப்பம் பெறுகிறது. நமது நாட்டுப் பௌத்த விகாரைகளில் ‘சல்’ என்ற பெயரில் நின்று பூப்பது நேபாளத்துச் சாலமரமன்று. அது தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட, பீரங்கிக் குண்டு போன்ற காய்களையுடைய கூரூபிட்டா கயனென்சிஸ் என்னும் மரம். பிரித்தானியர் ஆட்சிக் காலத்தில் இங்கு கொண்டுவரப்பட்டது. புத்தர் சாலமரங்களினிடையே பரிநிர்வாணம் அடைந்தார் என்னும் மரபு இப்புதிய மரத்தின்மேல் ஏற்றப்பட்டது. அதே பூவின் அமைப்பிலே சைவர்கள் இலிங்கத்தையும் அதன்மேற் குடைபிடிக்கும் நாகத்தையும் கண்டு அதனை நாகலிங்கம் என்றனர். ஒரு குடியேற்ற ஆட்சியின் தோட்டக்கலை கொண்டுவந்த செடிக்கு இரு சமயங்களும் தத்தம் பழைமையை வழங்கிவிட்டன. பெயர் பழையது, பொருள் புதியது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஒலியொப்புமையைக் கொண்டு மொழிவரலாறு எழுதும் பழக்கம் தேசியவாதப் புலவர்க்கு மட்டும் உரியதெனக் கருதிவிடலாகாது. தேவநேயப் பாவாணரின் வேர்ச்சொல்லாய்வைக் குறைகூறும் முற்போக்காளர் பலர், சோவியத் நாட்டில் மார்க்ஸியத்தின் பெயராலேயே இதனை ஒத்த பிழை நிகழ்ந்ததை மறந்துவிடுகின்றனர். நிக்கொலாய் மார் என்னும் மொழியறிஞர் உலக மொழிகள் அனைத்தையும் நான்கு மூல ஒலிக்கூறுகளுள் அடக்க முயன்றார். அந்நான்கு: சால், பெர், யோன், ரோஷ். முதலாவது கூறு நமது ‘சால்’ என்பதோடு ஒலியால் ஒன்றுபடுவது தற்செயலே; ஆயினும் அத்தற்செயல் நமக்கொரு பாடம். மொழி அடித்தளத்தின்மேல் எழும் மேற்கட்டுமானம் என்றும், அது வர்க்கத்தன்மை உடையதென்றும் மார் வாதித்தார். பல ஆண்டுகள் அரசின் ஆதரவோடு கோலோச்சிய இக்கொள்கை 1950இல் நிகழ்ந்த பிராவ்தா விவாதத்தில் கைவிடப்பட்டது. ஸ்டாலினே அவ்விவாதத்தில் தலையிட்டு அதனை முடித்துவைத்தார் என்பது, ஆய்வுலகின் பிழையை ஆய்வுலகமே திருத்தும் சூழல் அன்று அங்கு இருக்கவில்லை என்பதையும் காட்டுகிறது.

3

இனி மருதுக்கு வருவோம். ‘சால்’ என்பதன் கதையோடு இதனை ஒப்பிடின் அடிப்படையான வேறுபாடொன்று புலப்படும். மருது, மருதம் என்பன ஒலியால் மட்டும் ஒன்றுபட்ட வெவ்வேறு சொற்களல்ல. ஒரே சொல்லின் விரிவுகள். பறோவும் எமனோவும் தொகுத்து 1961இல் வெளியிட்டு 1984இல் திருத்திய திராவிடச் சொற்பிறப்பகராதி முறையில் இன மொழிகளை ஒப்பிட்டு நோக்கினால், மலையாளத்தில் மருது என்றும் கன்னடத்திலும் தெலுங்கிலும் மத்தி என்றும் இவ்வின மரங்கள் பெயர் பெறுவதைக் காணலாம். எனவே மரப்பெயர் தொன்மையானது.

ஆயினும் எந்த மரம்? இவ்விடத்திலேயே முதற் சிக்கல் தோன்றுகிறது. தமிழில் மருது என்பது ஒரு மரத்தின் பெயரன்று. ஆற்றங்கரைகளில் வெளிறிய பட்டையோடு ஓங்கி நிற்பது நீர்மருது. தாவரவியலில் டெர்மினாலியா அர்ஜுனா. அதே இனத்தைச் சேர்ந்த, முதலைத் தோல்போல் வெடித்த பட்டையுடையது கருமருது. நேபாளத்தின் தராய்க் காடுகளில் சாலமரத்துக்குத் துணையாக வளரும் ‘ஆஸ்னா’ இந்தக் கருமருதே. இவற்றோடு குடும்பத்தாலேயே வேறுபட்ட, ஊதா நிறப் பெரும்பூங்கொத்துகளையுடைய லாகர்ஸ்ட்ரோமியா ஸ்பெசியோசா என்னும் மரத்தையும் பூமருது என்கிறோம். மரத்தின் தோற்றம், வளரும் இடம், மரக்கட்டையின் பயன் ஆகியவற்றைக் கொண்டு மக்கள் பெயரிட்டனர். தாவரக் குடும்பத்தைக் கொண்டு பெயரிடவில்லை.

இலங்கையில் இச்சிக்கல் மேலும் நுட்பமாகிறது. இங்குத் தமிழர் மருது என்று சொல்லும் ஆற்றங்கரை மரத்தைச் சிங்களவர் ‘கும்புக்’ என்பர். ஊதாப்பூப் பூக்கும் லாகர்ஸ்ட்ரோமியாவை அவர்கள் ‘முருத்த’ என்பர். மருது, முருத்த என்பவற்றின் ஒலி நெருக்கம் எவர்க்கும் புலனாகும். சங்கப் பாடல்களோ மருதின் பூவைச் செந்நிறமுடையதாக வருணிக்கின்றன. நீர்மருதின் பூ வெளிறிய மஞ்சள் நிறமுடைய சிறு பூ. இக்காரணத்தால் திணைக்குப் பெயர் தந்த மரம் பூமருதே எனக் கொள்வாரும், நீர்மருதே எனக் கொள்வாரும் அறிஞரிடையே உளர். முன்னவர் கருத்துச் சரியாயின் விளைவு என்ன? சங்கக் கவிஞர் பாடிய மருதத்துக்கு இன்று இலங்கையில் நெருங்கிய பெயர் சிங்களவர் வாயில் வழங்குகிறது. சாய்ந்தமருதின் மருதோ சிங்களவரின் கும்புக். பெயரைக் கொண்டு நிலவுரிமை கோருவோர் இருதரப்பிலும் தமது சான்றைத் தாமே இழந்துவிடுகின்றனர். அயலில் நெடுங்காலம் வாழ்ந்த மக்கள் மரங்களின் பெயர்களைக் கொடுத்தும் வாங்கியும் வந்தனர் என்பதற்கு மேல் இப்பெயர்கள் எதனையும் நிறுவப் போதியனவல்ல.

மருதோன்றி என்னும் செடியையும் இங்குக் குறிப்பிடுதல் தகும். கல்முனைக் கரையோர முஸ்லிம் பெண்களின் கைகளில் திருமணத்துக்கும் பெருநாளுக்கும் சிவக்கும் செடி அது. அதனை மருது என்பதனோடு சேர்த்துப் பிரிப்பதா, மணத்தைக் குறிக்கும் ‘மரு’ என்பதனோடு ‘தோன்றி’ சேர்ந்ததாகப் பிரிப்பதா? இலக்கணம் இரண்டுக்கும் இடம் தருகிறது. இவ்வாறே, மருதம்பட்டை மருந்தாவதைக் கொண்டு மருத்துவம் என்னும் சொல்லே மருதிலிருந்து பிறந்தது எனக் கூறவும் கற்பனை இடம் தரும். சொல்வரலாறு இடம் தராது. ‘ஹின்னா’ என்னும் அரபுப் பெயரை நன்கறிந்த ஒரு முஸ்லிம் சமூகம், சமயச் சடங்குகளோடு ஒட்டிய ஒரு செடிக்குத் தமிழ்ப் பெயரையே வழங்கி வருகிறது என்பதே வேர் எது என்ற விவாதத்தைவிட நமக்கு முக்கியமானது. அன்றாட உழைப்பிலும் பெண்களின் பேச்சிலும் வேரூன்றிய சொற்கள் சமய எல்லைகளை எளிதிற் கடந்து நிற்கின்றன.

4

மரம் எவ்வாறு நிலமாயிற்று? ஆற்றங்கரை மரத்தின் பெயர் ஆற்றுநீர் பாயும் வயல்வெளிக்கு ஆகி, அவ்வெளியில் நிகழும் வாழ்க்கைக்கும் அவ்வாழ்க்கையின் பாட்டுக்கும் ஆயிற்று. மரப்பெயரும் திணைப்பெயரும் மட்டுமன்றிப் பண்ணின் பெயரும் மருதமாயிற்று. சாய்ந்தமருதுக்கு அடுத்த ஊரான காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர், 1947இல் வெளிவந்த தமது யாழ் நூலில் பண்டைப் பெரும்பண்களை ஆராய்ந்தபோது மருதப்பண்ணுக்கும் கணிதமுறையில் உருவம் காண முயன்றார். காரைதீவும் ஒரு செடியின் பெயரைத் தாங்கிய ஊர் என்பது இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது.

இப்பொருள் விரிவு தானாக நிகழ்ந்த ஒன்றன்று. நீர்ப்பாசன நெற்செய்கை உபரியைத் தோற்றுவித்தது. உபரி நிலவுடைமையாளனையும் அரசனையும் தோற்றுவித்தது. தொல்காப்பியம் இந்நிலத்துக்கு வேந்தனைத் தெய்வமாக வைத்ததும், மருதப்பாடல்களின் தலைவன் ஊரன், மகிழ்நன் எனப் பெயர்பெற்று, பரத்தையிற் பிரிந்து ஊடலுக்கு ஆளாகும் ஓய்வுடையவனாக விளங்குவதும் தற்செயலல்ல. ஐங்குறுநூற்றின் முதல் நூறு மருதமாக, ஓரம்போகியாரால் பாடப்பட்டது. அந்நூற்றில் வயலும் பொய்கையும் நிரம்ப வருகின்றன. ஆயின் பாடலின் உணர்ச்சி மையம் நிலமுடையவனின் இல்லறமே. களத்தில் நின்றவனின் உழைப்பு அவ்வில்லறத்துக்குப் பின்னணியாக அமைகிறது.

திணைகள் தமிழகத்தின் அசமத்துவமான பொருளாதார வளர்ச்சியின் இலக்கியப் பதிவு என்பதைப் பேராசிரியர் கா. சிவத்தம்பி 1974இல் வெளியான தமது கட்டுரையில் நிறுவினார். அவ்வாய்வு நம் தலைமுறைக்கு வழிகாட்டியாக அமைந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் பின்வந்த நாம் அதனை ஒரு வாய்பாடாக்கிவிட்டோம். மருதம் என்றால் நிலவுடைமை, நெய்தல் என்றால் மீன்பிடி என்று சமன்பாடு எழுதியபின் ஆராய ஒன்றும் எஞ்சுவதில்லை. இலக்கண நூலாரே இத்தகைய இறுக்கத்தை விரும்பவில்லை; ஒரு நிலத்துப் பூவும் புள்ளும் மற்றொரு நிலத்தில் வந்து மயங்குவதை அவர்கள் ஏற்றனர். குறுந்தொகையின் 50ஆம் பாடலில் கடற்கரைக்குரிய ஞாழலின் சிறுபூவும் மருதின் செம்பூவும் ஒரே துறையில் உதிர்ந்து பரந்து கிடக்கின்றன. குன்றியனார் பாடிய அப்பாடலை மருதமுனைக் கடற்கரையில் நின்று நினைப்பவர்க்குத் திணைமயக்கம் என்பது இலக்கணச் சலுகையாகத் தோன்றாது. நிலத்தின் இயல்பாகவே தோன்றும்.

5

அக்கடற்கரையையே இப்போது நோக்குவோம். மருதமுனை என்னும் பெயர் நெல்லைக் குறிப்பதாகத் தோன்றினும், நாடறிந்த அதன் புகழ் கைத்தறியால் வந்தது. நெசவாளி தொல்காப்பியத் திணைப்பகுப்பில் கருப்பொருளாக இடம்பெறவில்லை. 1977இல் திறந்த பொருளாதாரக் கொள்கை நடைமுறைக்கு வந்து இறக்குமதித் துணிகள் சந்தையை நிறைத்தபோது நாட்டின் கைத்தறித் தொழில் பெரும் பாதிப்புக்குள்ளாயிற்று. இவ்வூரின் வரலாற்றை மருதம் என்ற ஒற்றைச் சொல்லால் விளக்க முயல்பவர், தறிக்குழியில் கால் வைத்தவனைக் காணாமலே கட்டுரையை முடித்துவிடுவார்.

வயலிலும் பெயர்கள் நம்மை எச்சரிக்கின்றன. கிழக்கிலங்கையின் மரபான நெற்செய்கையில் நிலத்துக்குரியவர் போடியார். வயலில் நின்று செய்கையை நடத்துபவர் முல்லைக்காரர். வட்டையின் நீர்ப்பங்கீட்டைக் கவனிப்பவர் வட்டவிதானையார். மருதநிலத்தின் முதன்மை உழைப்பாளிக்கு முல்லைக்காரர் என்று பெயர்! திணைப்பெயரைக் கண்டவுடன் திணை கற்பிப்பவர் இங்கே மருதத்துள் முல்லை என ஒரு கட்டுரை எழுதக்கூடும். ஆனால் அச்சொல்லின் உண்மைப் பொருளை வரையறுப்பது ஒலியன்று. போடியாருக்கும் முல்லைக்காரருக்கும் இடையிலுள்ள உற்பத்தி உறவே. களவெட்டியிலே சூடு மிதிக்கும்போது புறத்தே வழங்கும் சொற்களை விலக்கித் தனிச்சொற்கள் வழங்கிய மரபும் இத்தகைய உறவுகளின் பின்னணியிலேயே ஆராயத்தக்கது. வொலோஷினோவ் 1929இல் எழுதிய நூலில், ஒரே மொழியை வெவ்வேறு வர்க்கங்கள் பயன்படுத்துவதால் ஒவ்வொரு குறியும் வர்க்கங்கள் மோதும் களமாகிறது என வாதித்தார். மாரின் கொள்கையிலிருந்து இது வேறுபடும் இடம் தெளிவானது. மொழி ஒரு வர்க்கத்துக்கு உரியதன்று. அதனுள் சொல்லுக்குத் தரப்படும் அழுத்தமே வர்க்கத்துக்கு வர்க்கம் மாறுகிறது. போடியார் சொல்லும் ‘வயல்’ உடைமை. முல்லைக்காரர் சொல்லும் ‘வயல்’ வேலை.

பட்டிப்பளை ஆறு கல்லோயா என்ற பெயரால் நாடெங்கும் அறியப்பட்டதும் இவ்வகையில் நோக்கத்தக்கதே. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டு, இங்கினியாகலையில் ஆறு அணைக்கட்டால் மறிக்கப்பட்டது. 1961இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது. நீரும் நிலமும் குடியேற்றமும் அரசின் திட்டமாக மாறியபோது, மருதம் என்ற சொல் சுட்டிய பழைய ஆற்றங்கரை உறவுகள் முற்றிலும் மாற்றியமைக்கப்பட்டன. வயலின் நீரை இப்போது முடிவு செய்வது ஆற்றின் பருவம் மட்டுமல்ல. அணைக்கட்டின் மதகும் அதைத் திறக்கும் அதிகாரமுமாகும். பெயர்கள் அப்படியே நின்றன. அவற்றின் கீழிருந்த பொருள் நகர்ந்துவிட்டது.

இறுதியாக, 2004 டிசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியபோது இலங்கையில் மிகக் கூடுதலான உயிர்கள் அம்பாறை மாவட்டத்திலேயே பறிபோயின. மருதமுனையும் சாய்ந்தமருதும் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட ஊர்களுள் அடங்கும். மருதத்தின் பெயரைத் தாங்கிய ஊர்களில் கடலோரத்தை ஒட்டி நெருக்கமான வீடுகளில் வாழ்ந்தவர்கள் யாவர், வயலோரத்தில் வாழ்ந்தவர்கள் யாவர் என்ற வினாவுக்கு ஊர்ப்பெயர் விடை தராது. அதற்கு நிலப்பங்கீட்டை ஆராய வேண்டும்.

6

இப்பின்னணியில் இப்பிரதேச எழுத்தாளரின் புனைபெயர்களை மீண்டும் வாசிக்கலாம். மருதூர்க்கொத்தன், மருதூர்க்கனி, மருதூர் ஏ. மஜீத் ஆகியோர் தமது ஊரைச் செவ்வியல் வாய்பாட்டில் மருதூர் என்றனர். திருவிடைமருதூரை நினைவூட்டும் அப்பெயரால், தமிழிலக்கியப் பெருமரபு தமக்கும் உரியது என்று அவர்கள் அறிவித்தனர். முஸ்லிம் எழுத்தாளரைத் தமிழிலக்கிய வரலாற்றின் ஓரத்தில் ஒரு தனிப்பிரிவாக வைக்கும் வழக்கம் நிலவிய சூழலில், அது பொருட்படுத்த வேண்டிய உரிமைக்குரல். ஆயினும் ‘மருதூர்க்கொத்தன்’ என்னும் பெயரின் பாதி மருதூர், மறுபாதி கொத்தன். கொத்தன் என்பது கல்லும் சாந்தும் கையாளும் தொழிலாளியின் பெயர். திணையும் தொழிலும் ஒரே பெயரில் மோதி நிற்கின்றன. முதற்பாதியை மட்டும் வாசித்து மகிழும் திறனாய்வு பாதி வேலையைத்தான் செய்கிறது.

கல்முனைக்குடியில் 1944இல் பிறந்த எம். ஏ. நுஃமான், மொழியியலையும் மார்க்ஸியத் திறனாய்வையும் ஒருங்கே பயின்றவர். அவ்விரு துறைகளையும் ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரிக்காமல் பயன்படுத்த வேண்டும் என்பதே நாம் அவரது தலைமுறையிடமிருந்து பெறவேண்டிய பயிற்சி. மொழியியல் அறியாத மார்க்ஸியம் மாரின் ‘சால்’ ஆகிவிடும். சமூக வரலாறு அறியாத மொழியியல் சொற்பட்டியலோடு நின்றுவிடும்.

தொகுத்து நோக்கின், நேபாளியின் ‘சால்’ ஒலியொற்றுமை ஏமாற்றும் என்பதைக் கற்பிக்கிறது. விகாரையின் ‘சல்’ பழைய பெயர் புதிய பொருளுக்குப் புனிதம் தரும் என்பதைக் கற்பிக்கிறது. கல்முனைக் கரையின் ‘மருது’ இவ்விரண்டிலும் கடினமான பாடத்தைத் தருகிறது. மெய்யாகவே ஒரே வேரிலிருந்து கிளைத்த பொருள்களும் காலப்போக்கில் ஒன்றையொன்று மறைக்கக்கூடும். மரம் திணையாலும், திணை ஊராலும், ஊர் உரிமைக் கோரிக்கையாலும் மறைக்கப்படும். சாய்ந்த மருதமரம் ஒன்றினால் அவ்வூர் பெயர் பெற்றது என்பது ஊர் வழக்கு. அம்மரத்தை நட்டவன் எந்த இனத்தவன் என்று கேட்பவர் பெருகிவிட்ட நாட்டில், அதன் நிழலில் இளைப்பாறியவர் எவ்வேலை செய்து களைத்தவர் என்று கேட்பதே முற்போக்குத் திறனாய்வின் பணியாகும்.